பூட்டையாவின் விலா எலும்பு

அந்தச் சிறையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர் நர்ஸோ, டாக்டரோ, மருந்து கொடுக்கிறவரோ, யாராக இருந்தாலும் முதல் நாள் தலைமை வார்டரிடம்தான் ஒப்படைப்பார்கள். வைத்தியம் அவர்களுக்குத் தெரியும். வைத்தியம் பார்க்கப்போகிற இடத்தின் சுபாவம் தெரியாதே! அதைச் சொல்லித்தர அவரை விட்டால் அங்கே ஆளில்லை.

அவருக்குப் பூட்டையா என்று பெயர் வைத்திருந்தார்கள். பூட்டிய பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் இடத்தை விட்டு நகரமாட்டார். வீட்டிலும் அதே கூத்துதான். மனைவி அலமாரியைச் சாத்தினால் இவர் போய் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். "என் வாய்க்கு மட்டும்தான் அவரால பூட்டுப் போட முடியலை" என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரசவ வார்டில் காலமெல்லாம் வேலை பார்த்த நர்ஸம்மா. ஏறக்குறைய பூட்டையாவின் வயதுதான் இருக்கும். வேலை செய்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டதால் இங்கே வந்திருந்தார். இன்னொருவர் படிப்பை முடித்த கையோடு வந்த டாக்டர்ப் பெண். வெள்ளைக் கோட்டின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

வாசலிலேயே பாடம் ஆரம்பமாகிவிட்டது. போன், கைப்பை எல்லாம் பெட்டிக்குள் போயின. நர்ஸம்மாவின் தோளில் குத்தியிருந்த ஊக்குகூடத் தப்பவில்லை.

"இதுவுமா சார்?"

"அதுவும்தான் சிஸ்டர். உங்களுக்கு அது ஊக்கு. உள்ள இருக்கறவனுக்கு அது ஒரு சாமர்த்தியம்."

முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது கதவு திறக்கும். நடுவில் இருக்கிற சின்ன இடத்தில் மூன்று பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். பூட்டையா தொண்டையைச் செருமிக்கொண்டார். பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய பேச்சு.

"அவசரம்கற வார்த்தையை இந்தக் கதவுக்கு வெளியிலயே விட்டுட்டு வாங்க. இங்க யாரையும் நம்பாதீங்க. யாரு என்ன குத்தம் பண்ணினான்னு கேக்காதீங்க. தெரிஞ்சுக்கிட்டா ஊசி போடற கை ஒரு மாதிரி ஆயிடும். உங்க வீடு எங்க, பிள்ளைங்க என்ன படிக்கறாங்கன்னு கேப்பாங்க. நல்ல மனசோடதான் கேப்பாங்க. ஆனா சொல்லாதீங்க. மாத்திரையைக் குடுத்தா முழுங்கற வரைக்கும் நில்லுங்க, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. கத்தரிக்கோலை எடுத்தா திருப்பி வெச்சுட்டு மறு வேலை பாருங்க. கதவுக்கும் உங்களுக்கும் நடுவுல எந்த நோயாளியும் நிக்கக் கூடாது."

"எதையாவது குடுத்தா வாங்கிக்கலாமா சார்?" என்று டாக்டர்ப் பெண் கேட்டாள்.

"குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஒரு பிஸ்கட்டா இருந்தாலும் கூடாது. இன்னைக்கு பிஸ்கட், நாளைக்கு ஒரு போன் கால், அடுத்த நாள் உங்க தலை அவன் கையில. போன மாசம் இங்க கைதிங்க வேலை பாக்கற பேக்கரி பக்கம் போனேன். சூடா ஒரு ரொட்டித் துண்டை நீட்டினான் ஒருத்தன். வாசனை ஆளையே தூக்குது. என்ன பண்ணினேன்? திட்டிட்டு வந்தேன்."

"ஐயோ, பாவம்" என்றார் நர்ஸம்மா.

"யாரு, அவனா?"

"இல்ல, ரொட்டி."

பூட்டையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நடந்தார். நீண்ட நடைபாதையில் அவருடைய காலடியும் சாவிக்கொத்தின் சத்தமும் மட்டும் கேட்டன. காலையிலிருந்தே இடது தோளில் ஒரு கனம். வாயுத் தொல்லை என்று தள்ளிவிட்டிருந்தார்.

"சார், உங்களுக்கு ரொம்ப வேர்க்குதே" என்றார் நர்ஸம்மா.

"நடை சிஸ்டர், நடை. இந்த வேலையில சம்பளத்தோட இதுவும் கிடைக்கும்."

"கொஞ்சம் உக்காருங்களேன், நாடியைப் பார்க்கறேன்."

"முதல்ல ஆஸ்பத்திரியைக் காட்டிடறேன்."

சிறை ஆஸ்பத்திரி என்பது ஒரு பெரிய அறை. நான்கு படுக்கை, ஒரு மேஜை, மருந்து அலமாரி. வாசலில் கம்பிக்கதவு. கதவுக்கு வெளியே ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பெஞ்சில் ஒரே ஒரு கைதி. பேக்கரி அடுப்பில் முன்கையைச் சுட்டுக்கொண்டு கட்டு மாற்ற வந்திருந்தான். பேக்கரியில் மாவு பிசைவதால் அவனை எல்லாரும் மாவு என்றே கூப்பிடுவார்கள். ரொட்டியை நீட்டித் திட்டு வாங்கியவனும் அவன்தான்.

பூட்டையா இருவரையும் உள்ளே விட்டு, கம்பிக்கதவை உட்பக்கமாகப் பூட்டினார். வழக்கம்போல ஒருதடவை இழுத்துப் பார்த்தார். சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார்.

"ஏதாவது ஆபத்துன்னா யோசிக்காதீங்க. இதை அமுக்குங்க."

அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. நர்ஸம்மா சொல்லியும், டாக்டர்ப் பெண் சொல்லியும், பிறகு ஓடிவந்த காவலர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியும், கேட்டுக் கேட்டுத் தன் கண்ணால் பார்த்ததுபோலவே ஆகிவிட்டது.

அடியோடு சாய்ந்த மரம் மாதிரி விழுந்தாராம். நர்ஸம்மா ஒரு கையால் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, மறு கையால் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். துடிப்பு இல்லை. மூச்சும் இல்லை. உடனே மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார். நின்றுபோன இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற கருவி கதவுக்கு அந்தப் பக்கம், நடைபாதை அலமாரியில் இருந்தது. கதவுச் சாவியோ பூட்டையாவின் உடம்புக்கு அடியில். வெளியே இருந்த காவலர் மாற்றுச் சாவி எடுக்கத் தலைதெறிக்க ஓடினார். டாக்டர்ப் பெண் கொத்தை எப்படியோ உருவி எடுத்து, ஒவ்வொரு சாவியாகப் பூட்டில் போட்டுப் பார்த்தாள். எல்லாச் சாவியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

நர்ஸம்மாவுக்கு ஒருகாலத்தில் மணிக்கட்டு முறிந்து சேர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அப்போதுதான் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, நான் அழுத்தட்டுமா?"

கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் எந்த நோயாளியும் நிற்கக் கூடாது என்று சற்று முன்புதான் பாடம் கேட்டிருந்தார். அதைச் சொன்ன மனிதர் தரையில் கிடந்தார்.

"வா" என்றார் நர்ஸம்மா. "கை இங்க. முழங்கையை மடக்காதே. உன் பாரம் முழுக்க இறங்கணும்."

மாவு பிசைந்து உரமேறிய தோள். அவன் அழுத்தியபோது நெஞ்சு ஒழுங்காக அமுங்கி எழுந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டு அவன் பயந்து கையை எடுக்கப் போனான்.

"எலும்புதான். அது சேரும். நீ நிறுத்தாதே! அழுத்து, அழுத்து, இன்னும் அழுத்து!" பிரசவ வார்டில் எத்தனையோ பேரை அதட்டிய குரல் அது. ஓர் உயிரை வெளியே கொண்டுவரப் பழகிய தொண்டை, இன்னோர் உயிரை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

அவன் முன்கைக் கட்டு அவிழ்ந்து தொங்கியது. ஆறாத புண்ணிலிருந்து நீர் கசிந்து பூட்டையாவின் சட்டையில் ஒட்டியது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

சரியான சாவி டாக்டர்ப் பெண்ணின் கையில் சிக்கவும், ஆபத்து மணி கேட்டுக் காவலர்கள் ஓடிவரவும் சரியாக இருந்தது. கதவு திறந்தது. உள்ளே அவர்கள் கண்டது என்ன? தலைமை வார்டர் மல்லாந்து கிடக்கிறார். அவர் நெஞ்சின்மேல் ஒரு கைதி. முன்னால் வந்த காவலரின் தடி அவர் யோசிப்பதற்கு முன்பே இறங்கிவிட்டது. மாவுவின் தோளில் பட்ட அந்த அடியின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவன் முகத்தைச் சுளித்தான். கையை எடுக்கவில்லை.

"அடிக்காதீங்க! அவன் நிறுத்தினா இவரு போயிடுவாரு!" என்று நர்ஸம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தடிக்கும் அவனுக்கும் நடுவில் பாய்ந்தார்.

டாக்டர்ப் பெண் கருவியைக் கொண்டுவந்து பொருத்தினாள். ஓர் அதிர்ச்சி. மறுபடி அழுத்தம். இன்னோர் அதிர்ச்சி. அதன் பிறகு இதயம், கோபித்துக்கொண்டு போன மருமகன் திரும்பி வருவதுபோல, தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தது.

ஆம்புலன்ஸுக்காக இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்து கிடந்தது அந்தச் சிறையில் அன்றைக்குத்தான். பூட்டையா கண்ணைத் திறந்து முதலில் சொன்ன வார்த்தை, "கதவைச் சாத்துங்கடா."

ஆஸ்பத்திரியில் கண் தெளிந்ததும் அவருக்குத் தெரிந்தது நெஞ்சுவலி இல்லை, விலாவலி. மூச்சு விட்டால் வலி, சிரித்தால் வலி, தும்மினால் செத்துப் பிழைக்கிற வலி. நர்ஸம்மாவும் டாக்டர்ப் பெண்ணும் பார்க்க வந்தார்கள். முழுக் கதையையும் அன்றுதான் கேட்டார்.

பக்கத்தில் இருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு நான் ஏதாவது செய்யணும். ஒரு நல்ல சட்டை எடுத்துக் குடுக்கவா?" என்றாள்.

"கூடாது."

"ஒரு வேளை என் கையால சமைச்சு அனுப்பறேன்."

"கூடாதும்மா."

"என்ன மனுஷன் நீங்க! தாலி... சரி விடுங்க. ஒரு துண்டு, ஒரு செருப்பு, எதுவுமே கூடாதா?"

"ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. அதை ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவனே நான்தானே."

அவள் முறைத்துவிட்டு, "அவன் என்ன பண்ணிட்டு உள்ள வந்தான்?" என்று கேட்டாள். அவருக்கு அது தெரியும். லேசான விஷயமும் இல்லை. "அதுக்கு அவன் தண்டனை அனுபவிக்கறான். இதுக்குத்தான் என்ன குடுக்கறதுன்னு தெரியலை" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சுதான். சட்டையா, சாப்பாடா என்று மனைவி ஒவ்வொன்றாகச் சொல்வதும், கூடாது என்று இவர் தள்ளுவதும். மகள் அப்பாவை யாரும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஆபீசிலிருந்து போன் வந்தால், "அப்பா ஓய்வுல இருக்காங்க, அப்புறமா பேசுங்க" என்று வைத்துவிடுவாள். விலா எலும்பும் மெல்ல மெல்லச் சேர்ந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நர்ஸம்மா மட்டும் குலுக்கிய கையை விடாமல் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், மாவு பேக்கரியில இல்லை."

"விடுதலையாயிட்டானா?"

"தனி அறையில இருக்கான். நீங்க விழுந்த அன்னியிலேருந்து."

"எதுக்கு?" என்றார் பூட்டையா. நர்ஸம்மா விளக்கினார். சிறை ஊழியர்மேல் கைதி கைவைத்தால், விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து விலக்கித் தனி அறையில் வைக்க வேண்டும் என்பது விதி. அடித்த காவலர் அன்றைக்குப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டார். நர்ஸம்மாவும் டாக்டர்ப் பெண்ணும் உள்ளதைச் சொன்னார்கள். ஆனால் யார்மேல் கைபட்டதோ அவருடைய வாக்குமூலம் இல்லாமல் விசாரணையை முடிக்க முடியாது. அதைக் கேட்கத்தான் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

"நான் தினமும் போய் சூப்பிரண்டு அம்மாகிட்ட நிக்கறேன். அவங்களும் பாவம், என்ன பண்ணுவாங்க? 'அவரு உடம்பு தேறட்டும், பதற வைக்க வேண்டாம், நீங்களும் சொல்லிடாதீங்க'ன்னாங்க. கையில கட்டு மாத்தறதுக்கு மட்டும் என்னை உள்ள விட்டாங்க. ஒரு நாள்கூட அவன் முணுமுணுக்கலை சார். போனதும் உங்களைத்தான் கேப்பான்."

சட்டையா சாப்பாடா என்று தான் வீட்டில் சாய்ந்துகொண்டு பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்த நாட்களெல்லாம் அவர் கண்முன் வந்து நின்றன. நேராகக் கண்காணிப்பாளர் அறைக்கு நடந்தார்.

கண்காணிப்பாளர் அம்மாள் எழுந்து நின்று வரவேற்றார். பூட்டையா உட்காரவில்லை.

"கைபட்டது என்மேலதான் மேடம். விலா எலும்பு உடைஞ்சதும் நிஜம். உடைச்சதுக்கு அவனுக்கு நான் நன்றி சொல்லணும். வேற என்ன எழுதணுமோ சொல்லுங்க, இப்பவே எழுதித் தர்றேன்."

"இந்த விதியை ஒரு எழுத்துக்கூட விடாம எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்" என்றார் அந்த அம்மாள். அவர் முகத்தில் சிரிப்பும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. "நான் வேலைக்கு வந்த முதல் நாள்ல."

"ஆமா மேடம். விதி தப்பில்லை. நான்தான் வர லேட்டாயிட்டேன்."

மதியத்துக்குள் விசாரணை முடிந்தது. தனி அறையைத் திறக்கச் சாவியை அவரே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குத் தடியை ஓங்கிய காவலரும் கூடவே வந்தார். கதவைத் திறந்ததும் மாவு எழுந்து நின்றான். முன்கைப் புண் ஆறி, தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது.

"நெஞ்சு எப்படி இருக்கு ஐயா?"

"தும்மறப்பல்லாம் உன் ஞாபகம்தான்."

"மன்னிச்சிடுங்க ஐயா. மாவு பிசையற மாதிரியே அழுத்திட்டேன்."

காவலர் முன்னால் வந்து, "தோள்ல இன்னும் வலி இருக்கா?" என்று கேட்டார். "உங்க இடத்துல நான் இருந்திருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றான் மாவு. அதைக் கேட்டதும் அந்தக் காவலர் நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கைதிகளிடம் சொல்லிப் பூட்டையாவுக்குப் பழக்கப்பட்ட வார்த்தைகள் வேறு. இது நாக்குக்குப் புதுசு.

"நன்றிப்பா" என்றார் கடைசியில். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவ அப்பாவை நீ திருப்பிக் குடுத்திருக்கே." சொன்ன பிறகுதான், வீட்டு விஷயத்தைக் கைதியிடம் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார். "உனக்கு நான் எதுவும் குடுக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. ஒரு ரொட்டித் துண்டுக்கு நான் வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பூட்டையா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆனா ஒண்ணு கேக்கலாமா ஐயா? பொருள் இல்லை."

"கேளு."

"ஞாயித்துக்கிழமை எங்கம்மா பார்க்க வருவாங்க. இத்தனை வாரமா தனி அறைன்னு பார்க்க விடலை. மறுபடி என்னவோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சு அழுதிருப்பாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நான் சொன்ன பொய்யெல்லாம் அப்படி. நீங்க சொல்றீங்களா?"

பூட்டையா கண்காணிப்பாளரிடம் முறைப்படி அனுமதி கேட்டார். வீட்டில் மனைவி, "நானும் வரேனே" என்றாள். கூடாது என்றார். "அப்போ நான் கும்பிட்டேன்னாவது சொல்லுங்க. வார்த்தையைச் சோதனை போட உங்ககிட்ட மெஷின் இல்லையே?" என்றாள்.

அந்த வாரமே புதிதாக ஒரு பல் டாக்டர் வேலைக்கு வந்தார். பூட்டையா அதே பாடத்தைத்தான் நடத்தினார், பிஸ்கட் உட்பட. ஆனால் இந்தத் தடவை நர்ஸம்மாவும் கூட நடந்தார். அதிர்ச்சிக் கருவி இப்போது கம்பிக்கதவுக்கு உட்பக்கம் இருந்தது. கொத்தில் ஆஸ்பத்திரிச் சாவிக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. "இங்க யாரையும் நம்பாதீங்கன்னு முன்னெல்லாம் சொல்லுவேன்" என்றார் பூட்டையா, பல் டாக்டரிடம். "இப்ப கவனமா இருங்கன்னு மட்டும்தான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் கூடம் நிறைந்திருந்தது. நடுவில் நீளமாகக் கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் நாற்காலிகளில் மனைவிகள், அண்ணன் தம்பிகள், மடியில் தூங்கும் குழந்தைகள். ஓரத்து நாற்காலியில் ஒரு மெலிந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாவு.

காக்கிச் சட்டை தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் சீருடை போட்டவர்கள் யாரும் அவரிடம் நல்ல சேதி சொன்னதில்லை.

"இப்ப என்ன பண்ணிட்டான் ஐயா?"

"உக்காருங்கம்மா. உங்க பிள்ளை என் உயிரைக் காப்பாத்தினாரு."

காப்பாத்தினாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாவு தலையை நிமிர்த்தினான். அந்தக் கட்டடத்துக்குள் அவனுக்கு இதுவரை எவரும் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை.

"நீங்க வேற யாரையோ சொல்றீங்க" என்றார் அந்த அம்மாள்.

பூட்டையா பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பாடம் நடத்துகிற நிதானத்தோடு சொன்னார். விழுந்ததைச் சொன்னார். நர்ஸம்மாவின் கை ஓய்ந்ததையும், பெஞ்சிலிருந்து வந்த குரலையும் சொன்னார். புண்பட்ட கையாலேயே அழுத்தியதைச் சொன்னார்.

"அடி பட்டுச்சா அவனுக்கு?"

"பட்டுச்சும்மா. தப்பா நினைச்சு அடிச்சுட்டாங்க. ஆனா அவரு கையை எடுக்கலை. எடுத்திருந்தா இன்னைக்கு நான் இங்க இல்லை. என் வீட்டுக்காரி உங்களைக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னா. பெத்தவங்களை."

அந்த அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். "நிஜமாடா?" என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். "ஒரு வாளி தண்ணி தூக்குடான்னா ஓடிப்போற பயல்" என்றார் அவர் பூட்டையாவிடம், அழுகையும் சிரிப்புமாக. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். மகனும் அந்தப் பக்கம் கையை வைத்தான். சுருங்கிய இளஞ்சிவப்புத் தோலைக் கண்ணாடி வழியாகவே விரலால் வருடிப் பார்த்தார்.

அடுத்த நாற்காலிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அதைக் கவனித்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இங்க இருக்கறவங்க எல்லாரும் கேக்கட்டும்."

பூட்டையா எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். கூடம் முழுக்கக் கேட்கும்படியான குரலில், முதலிலிருந்து ஆரம்பித்தார்.